இரண்டு கையிலும் மணிக்கூடு

கண்டியில் முடிவெடுக்கத் தெரியாதவர்கள் கூடி ஒரு சங்கம் வைத்திருந்தால், அதற்குத் தலைவராக 'பாப்பம்' அண்ணையைத்தான் போட்டிருப்பார்கள். அவரோ அந்தப் பதவியை ஏற்பதா வேண்டாமா என்று யோசித்தே காலத்தைக் கழித்திருப்பார்.

எங்கள் கந்தோரில் அவர் மூத்த கிளாக்கர். யாழ்ப்பாணத்தவர், தனிக்கட்டை. எதைக் கேட்டாலும் "யோசிச்சுப் பாப்பம்" என்பார்; அந்தக் கடைசிச் சொல்லே பெயராகிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் வடையா போண்டாவா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் கடைக்காரன் கதிரைகளைக் கவிழ்த்து வைத்துவிடுவான். அவரோடு ஒரே வீட்டில் நான் அறையெடுத்திருந்ததால், ஊர் சிரித்ததில் எனக்கும் பாதிப் பங்கு.

இந்த மனிதருக்குக் கைமணிக்கூடு வாங்கும் ஆசை வந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போன கடைத்தெருவில், அலவத்துகொடை ஊர் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் இரண்டு மணிக்கூடுகள் அவரைப் பிடித்துக்கொண்டன. இரண்டும் நடுத்தர விலைதான். ஒன்று வட்டம், இலக்கங்கள் தெளிவு. மற்றது சதுரம், மஞ்சள் முலாம், பார்க்க வடிவு.

"ரெண்டும் நல்ல சாமான் தொர. ஒன்ட எடுத்துக் கட்டுங்களே," என்றார் நானா.

"பாப்பம்."

கடை பூட்டும் நேரமும் வந்துவிட்டது. "ரெண்டையும் கொண்டு போய்ப் பாருங்க. புடிச்சத வெச்சிட்டு மத்தத தந்திருங்க," என்று நானா கையெடுத்துக் கும்பிடாத குறையாக எங்களை அனுப்பிவைத்தார். அவர் செய்த பிழை அதுதான்.

மறுநாள் அண்ணை இடது கையில் வட்டமும் வலது கையில் சதுரமுமாகக் கந்தோருக்கு வந்தார். "ஒரு ஆளுக்கு என்னத்துக்கு அண்ணை ரெண்டு?" என்றேன்.

"ஒண்டை ஒண்டு கண்காணிக்கும், தம்பி."

வாரங்கள் போயின, சோதனை முடியவில்லை. ஒரு செத்தவீட்டுக்குப் போனோம். பெண்கள் ஒப்பாரி வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். அண்ணை இரண்டு கையையும் தூக்கி, எந்த மணிக்கூட்டின் ஓசை சீராக இருக்கிறது என்று காதோடு வைத்துக் கேட்கத் தொடங்கினார். தங்கள் ஒப்பாரி பொறுக்காமல் காதைப் பொத்துகிறார் என்று நினைத்த பெண்கள் கோபத்தில் அழுகையை நிறுத்திவிட்டார்கள். நான் வெட்கத்தில் குறுகிப்போய், செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்தது என் கலியாணம். பெண் வீடு பேராதனையில். மாமனாராக வரவிருந்தவர் நல்ல நேரம் பார்க்காமல் சவரம்கூடச் செய்யமாட்டார். "முகூர்த்தம் தப்பினா வேற நாள்தான்," என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். எனக்கோ அந்தப் பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து வேறு நினைவே இல்லை.

மாப்பிள்ளைக் காரில் என் பக்கத்தில் அண்ணை. கண்டி ஸ்டேஷனைக் கடக்கும்போது, "நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று கத்தினார். ஏதோ ஆபத்து என்று சாரதி நிறுத்தினான். அண்ணை ஸ்டேஷன் மணிக்கூட்டோடு தம் கைகளை ஒப்பிடப் பாய்ந்து ஓடினார். தலைப்பாகையும் மாலையுமாக நானும் பின்னால் ஓடினேன். கலியாணத்துக்குப் பயந்து மாப்பிள்ளை ரயிலேறப் போகிறான் என்று சனம் கூடி நின்று பார்த்தது. மானம் போய்விட்டது.

வட்டம் சரியாக இருந்தது. சதுரம் நன்றாகப் பிந்தி நின்றது.

"முள்ளைத் திருப்பிச் சரியா வையுங்கோ அண்ணை, கெதியாப் போவம்."

"சோதினை முடியுமட்டும் கை வைக்கக்கூடாது."

திரும்பி வந்தால் கார் கிளம்ப மறுத்தது. சாரதி முன்னால் கம்பியைப் போட்டுச் சுழற்றிச் சுழற்றிக் களைத்துப்போனான்.

பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமனாரின் முகம் கறுத்திருந்தது. "நேரம் தப்பீட்டுது போல. ஐயர், வேற நாள் வைப்பம்."

"இப்ப மணி என்ன?" என்று ஐயர் சபையைக் கேட்டார். மணிக்கூடு வைத்திருந்தவர்கள் அங்கே பலர். ஆனால் இரண்டு கையிலும் கட்டியவர் நிற்கும்போது ஒன்று வைத்திருப்பவரை யார் மதிப்பார்கள்? எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள். முகூர்த்தம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எப்படியும் "பாப்பம்" என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அண்ணை வட்டத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். வலது கையை உயர்த்தினார்.

"இன்னும் நேரம் கிடக்கு. இதுதான் சரியான மணிக்கூடு. நான் இதைத்தான் வாங்கிறன்."

அவர் வாழ்நாளில் எடுத்த முதல் முடிவு அது என்பது அந்தச் சபையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் தாலி கட்டினேன்.

அடுத்த வாரம் வட்டத்தைத் திருப்பிக் கொடுக்க இருவரும் நானா கடைக்குப் போனோம். நானா சதுரத்தை வாங்கிப் பார்த்தார். "இது பிந்தி ஓடுது தொர. தெறந்து சரி பண்ணித் தாரன்."

அண்ணை அதை வெடுக்கென்று பறித்துக் கையில் கட்டிக்கொண்டார். "வேண்டாம் நானா. இது பிழையெண்டு நாங்களே ஒத்துக்கொண்டா, தம்பி தாலி கட்டின நேரமும் பிழையாப் போயிடும்."

ஸ்டேஷனில் அவரால் மானம் போனதென்று குமைந்த எனக்கு, அந்தக் கடையில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கடைசிவரை அவர் அந்த மணிக்கூட்டைத்தான் கட்டினார். மத்தியானச் சாப்பாடு முடிந்து தினமும் பிந்தி வந்து கந்தோர்த் துரையிடம் ஏச்சு வாங்குவார். ஏச்சு அவருக்கு, வெட்கம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. எவ்வளவு பிந்தினாலும், அவர் வந்து உட்காரும்வரை என் மனைவி எனக்குச் சோறு போடமாட்டாள், நானும் கேட்டதில்லை.