டவுட்டு பாய் கேட்ட கேள்வி

திருவண்ணாமலைக்கு வருகிற எந்த அறிஞரையும், வந்தபோது இருந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு பஸ் ஏற்றி அனுப்பக்கூடிய மனிதர் ஒருவர்தான் உண்டு: டவுட்டு பாய்.

செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பக்கத்து விடுதியின் அரங்கில் செயற்கை நுண்ணறிவு, மனித மூளை, மிருகங்களின் அறிவு என்று ஒரு வாரம் பேராசிரியர்களைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். அறிவிப்பை நகல் எடுத்துக் கொடுத்த பாய், கூட்டத்துக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் எனக்கு எல்லாம் புரியும் என்று நம்பி, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

முதலில் பேசியவர், "கம்ப்யூட்டர் யோசிப்பதில்லை. அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறது, அவ்வளவுதான்" என்றார். மறுநாள் காலை டீக்கடையில் பாய் முகம் வெளிறி நின்றார்.

"சார், எதிர்ல வந்தவரு 'நல்லா இருக்கீங்களா பாய்'னாரு. 'இருக்கேன்'னுட்டேன். நான் யோசிச்சா சொன்னேன்? அதுவா வந்துடுச்சு சார்!"

"எல்லாருக்கும் அப்படித்தான் பாய்."

"இதையாவது நீங்க யோசிச்சு சொன்னீங்களா?"

அன்று முழுக்க யாரிடமும் என்னால் சரளமாகப் பேச முடியவில்லை.

அடுத்து வந்த அம்மையார், கண்ணாடியில் தெரிவது தானேதான் என்று சில மிருகங்களுக்குப் புரியும் என்றார். பாய் மறுநாளே கடைவாசலில் ஒரு குரங்குக்குக் கண்ணாடியைக் காட்டினார். குரங்கு தன் பல்லைப் பார்த்தது. கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியது. பிறகு கண்ணாடியோடு மொட்டைமாடிக்குப் போய்விட்டது. அன்று மாலை அம்மையாரின் இரண்டாவது பேச்சு. பாய் எழுந்தார்.

"மேடம், அதுக்குப் புரிஞ்சுதா, புரியலையா? கண்ணாடிய திருப்பித் தர மாட்டேங்குது!"

அம்மையார் வாயைத் திறந்தார், மூடினார், தண்ணீர் குடித்தார்.

கடைசி நாள் வயதான ஒரு பேராசிரியர், அடையாளம் கண்டுகொள்வதுதான் அறிவின் ஆரம்பம் என்று பேசி முடித்தார். பாய் எழுந்ததுமே அரங்கு சிரிக்கத் தயாரானது.

"ஐயா, என் போனு என் மூஞ்சியப் பாத்துத் தெறக்குது. தெரு நாயி என் வண்டி சத்தத்துக்கே வாலாட்டுது. எங்க வூட்டம்மாவுக்கு மறதி நோய். என்னைப் பாத்து யாருன்றாங்க. ஆனா நான் பக்கத்துல உக்காந்தாத்தான் ஒரு வாய் சாப்பிடறாங்க. அவங்களுக்கு என்னைத் தெரியுதா, தெரியலையா?"

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் மேடையிலிருந்து இறங்கி பாயின் அருகே வந்தார்.

"எனக்குத் தெரியலைங்க" என்றார்.

வெளியே வந்த பாய்க்கு ஏனோ ஒரே சந்தோஷம். "எவ்ளோ படிச்சவரு! அவருக்கே தெரியலன்னா, ஒருவேளை அவங்களுக்கு என்னைத் தெரியுதுன்னும் இருக்கலாம் இல்ல சார்?"

அந்த வேகத்திலேயே என்னை வீட்டுக்கு இழுத்துப் போனார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "யாருங்க நீங்க?" என்றார்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேங்க."

அந்த அம்மா சற்று நகர்ந்து பாய்க்கு இடம் விட்டார். தட்டிலிருந்த பஜ்ஜிகளைப் புரட்டிப் பார்த்து, பெரியதாக ஒன்றை எடுத்து பாயின் கையில் வைத்தார்.

பாய் என்னைப் பார்த்தார். "இப்ப இன்னா சார் சொல்றீங்க?"

நான் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டேன்.

அந்த அரங்கில் இப்போதும் யாராவது வந்து பேசுகிறார்கள். பாய் வரவில்லை என்று தெரிந்தால், நான் வாசலோடு திரும்பிவிடுகிறேன்.