நாரை உரிக்காதீங்க சாமி

உலகத்தில் ஒரே ஒரு பழம்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் சும்மா மரத்தில் தொங்குகிறது என்று நம்பிய மனிதர் எங்கள் கின்னோ அண்ணன். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் களைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

கின்னோ என்பது ஆரஞ்சு மாதிரி இருக்கும் கலப்பினப் பழம். குளிர்காலத்தில் பஞ்சாப் பக்கமிருந்து வரும். அண்ணன் டிரைவராக இருந்தபோது அங்கே காய்ச்சலில் படுத்து, தோட்டக்காரர் ஒருவர் கொடுத்த இந்தப் பழத்தைத் தின்றே எழுந்தாராம். கூடவே மாத்திரையும் விழுங்கினார் என்பதைக் கூடப் போன கிளீனர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஸ்டியரிங்கை விட்டு ஆபீசுக்கு வந்த பிறகும், வடக்கே போகிற டிரைவர்களிடம் சொல்லிப் பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டிருந்தார்.

பழம் வந்தால் பிரசங்கமும் வரும். ஒரு எழுத்து மாறாது.

"இது ரெண்டு சாதிப் பழமுங்க. ஒரு சாதி பெரும்பழம், ஒரு சாதி தேனாட்டம் இனிப்பு. தனித்தனியா இருந்த வரைக்கும் ரெண்டும் சுமாருதானுங்க. ரெண்டு சாதியும் ஒண்ணாச் சேந்ததுக்கப்பறந்தானுங்க இத்தனை சத்து. சளி அண்டாது, மலச்சிக்கல் ஓடிப்போயிரும், மூஞ்சி மினுமினுக்கும். நாரை மட்டும் உரிக்காதீங்க சாமி, அதுலதான் விசயமே இருக்குது."

அந்த வெள்ளை நார் கசக்கும். நான் கையை மேஜைக்கு அடியில் வைத்து அதை உரித்துப் போட்டுவிட்டுத்தான் தின்பேன்.

ஒருமுறை டயர் வெடித்து நடுரோட்டில் நின்ற டிரைவர் போனில் பதறினார். அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "வண்டியில கின்னோ இருக்குதா?"

"இருக்குதுங்ணா."

"ரெண்டு தின்னு. படபடப்பு அடங்கும். அப்பறம் ஜாக்கிய எடு."

ஊருக்கெல்லாம் பிராய்லர் விற்றுவிட்டு வீட்டில் நாட்டுக்கோழி அடிக்கும் பண்ணை முதலாளி ஒருவர், "ஹைப்ரிட்டுங்களா? நமக்கு ஆவாதுங்க" என்று பின்வாங்கினார். பிரசங்கத்தை மூன்று முறை கேட்ட பிறகுதான் அவரால் எழுந்து போக முடிந்தது. எனக்கே நெஞ்செரிச்சல் வந்து, டாக்டர் புளிப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஆரஞ்சச் சொல்லியிருப்பாருங்க. கின்னோவச் சொல்லியிருக்க மாட்டாரு" என்று இன்னொன்றை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மறுத்துப் பேசுவதைவிட நெஞ்செரிச்சலே மேல்.

ஒரு தை மாதம் பெட்டி வந்தது, பிரசங்கம் வரவில்லை.

அவருடைய ஒரே பெண், திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்தவள், கூடப் படித்த ஆத்தூர்ப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். பையன் வேறு சாதி. இந்தக் கல்யாணம் நடந்தால் உன் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வரமாட்டோம் என்று பங்காளிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். பெண் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். அண்ணன் பழத்தைத் தொடுவதையே நிறுத்தினார், பெட்டி மேஜையோரம் அப்படியே கிடந்தது. எத்தனையோ நாளாக நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. ஆனால் ஆபீசுக்குப் போகவே பிடிக்கவில்லை.

பையனின் அப்பாவும் அம்மாவும் பேச வருவதாகச் சொன்னார்கள். "ஊட்டுக்கு வேண்டாமுங்க, பங்காளிக கண்ணுல பட்டா வம்பு" என்று ஆபீசுக்கு வரச் சொன்னார். "முடியாதுன்னு மொகத்துக்கு நேராச் சொல்லிப்போடறேன். நீங்க பக்கத்துல இருங்க" என்று என்னிடம் சொல்லி வைத்தார். பெண்ணும் வந்து கதவோரம் நின்றாள்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பையனின் அப்பா இருமினார். இருமல் சத்தம் கேட்டால் அண்ணனின் கை தன்னால் பெட்டிக்குள் போகும். போனது. பழத்தை நீட்டினார். வாயும் தன்னால் திறந்துகொண்டது.

"சளிக்கு நல்லதுங்க. இது ரெண்டு சாதிப் பழமுங்க. ஒரு சாதி பெரும்பழம், ஒரு சாதி தேனாட்டம் இனிப்பு. தனித்தனியா இருந்த வரைக்கும் ரெண்டும் சுமாருதானுங்க. ரெண்டு சாதியும்..."

நின்றுவிட்டார். பெண் அவரையே பார்த்தாள். பையனின் அப்பா பாதி உரித்த பழத்தோடு, "அப்புறம் சார்?" என்றார். பாவம், அவர் பழத்தைப் பற்றித்தான் கேட்டார்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வரி எனக்குத் தூக்கத்தில்கூட வரும்.

"ஒண்ணாச் சேந்ததுக்கப்பறந்தானுங்க இத்தனை சத்து" என்று முடித்து வைத்தேன்.

அண்ணன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பையனின் அப்பா சுளையிலிருந்து நாரைக் கிள்ளி எடுப்பதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"நாரை உரிக்காதீங்க சம்பந்தி" என்றார்.

கல்யாணத்துக்குப் பங்காளிகள் வரவில்லை. டிரைவர்கள் வந்தார்கள், மண்டபத்து வாசலில் லாரியை நிறுத்த இடமில்லை. தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் கின்னோ. பிற்பாடு பேத்திக்கும் அந்தப் பெயரையே வைக்கலாம் என்றாராம். பெண் ஒரு முறை முறைத்தாளாம், அதோடு விட்டுவிட்டார்.

வேலையை விட்டு நான் மோகனூருக்கு வந்துவிட்டேன். குளிர் தொடங்கியதும் யாராவது ஒரு டிரைவர், அண்ணன் சொன்னாரென்று வாசலில் ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போகிறார். புளிப்பு இப்போதும் எனக்கு ஆவதில்லை. இருந்தாலும் தினம் ஒன்று உரிக்கிறேன். நாரை உரித்தால் பார்க்க வீட்டில் ஒருவரும் இல்லை, ஆனாலும் நாரோடுதான் தின்கிறேன்.