ரகசியம் ஒன்று, விடை இரண்டு

அளவுக்கு மீறி ஒழுங்காக இருப்பவனிடம் ரகசியம் தங்காது. நானே அத்தாட்சி.

நாற்பத்தாறு வயதில், திருச்சிக் கல்லூரியில், முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. பார்வையாளர் வரிசையில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த மனைவி மாலதியும் மகள் நிலாவும். அன்று சறுக்கினால் பல வருட உழைப்பு போச்சு.

என் ஆராய்ச்சி, நாளைய குவாண்டம் கணினிக்கும் மசியாத ஒரு பூட்டு. லாட்டிஸ் என்னும் புள்ளிக் கட்டத்தில் ஒரு ரகசியத்தை ஒளித்து, அது எனக்குத் தெரியும் என்பதை, அதைச் சொல்லாமலே நிரூபிக்க வேண்டும். கேட்பவர் ஒரு சவால் எண் தருவார். கணினி அதை ரகசியத்தோடு பெருக்கி, மேலே ஒவ்வொரு முறையும் புதிய குலுக்கல் எண் ஒன்றைப் போர்வையாகக் கூட்டி விடை தரும். போர்வை போதாவிட்டால் விடையைக் கணினியே தூக்கிப்போட்டு மறுபடி தொடங்கும்.

(அந்த 'மறுபடி'தான் எனக்கு ஆகாது.) சபையில் திணறக் கூடாதென்று, நன்றாக ஓடிய ஒரு குலுக்கலை முதல் நாளே நிரந்தரமாக்கி வைத்தேன். உண்மையான ரகசியம் இருந்தால்தான் அது சோதனை என்று, என்னிடமிருந்த ஒரே ரகசியத்தையும் எண்ணாக மாற்றி உள்ளே வைத்தேன்.

வெளித் தேர்வாளர் அம்மையார் ஒரு சவால் தந்தார். விடை வந்தது. கைதட்டல்.

"இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று வேறு எண் தந்தார். விடை வந்தது. அவர் கைதட்டவில்லை. கணினியைத் தன் பக்கம் திருப்பினார்.

"ரெண்டுக்கும் ஒரே போர்வை சார். கழிச்சா போயிடுமே!"

கழித்தார். மீதியைச் சவால்களின் வித்தியாசத்தால் வகுத்தார். திரையில் எழுத்துகள் வந்தன: 'ஞாயிறு கைடு கூப்பிடவில்லை.'

தொட்டியத்தில் மாமனார் வீட்டு ஞாயிறு விருந்துகளுக்குப் போகாமலிருக்க நான் சொல்லிவந்த சாக்கு, 'கைடு கூப்பிட்டார்.' தேர்வுக் குழுவில் இருந்த என் ஆய்வு வழிகாட்டி, அந்தக் கைடு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "நான் எந்த ஞாயிறும் கூப்பிட்டதில்லையே?"

நான் பின்வரிசையைப் பார்க்கவில்லை.

"இப்படிச் செய்யக் கூடாதுன்னு நாலாவது அத்தியாயத்துல நீங்களே எழுதியிருக்கீங்க," என்றார் அம்மையார். "கணக்கு சரி. செய்முறையைத் திருத்திக் கொடுங்க." பட்டம் தப்பியது.

பஸ் காவிரிப் பாலம் ஏறியதும் மாலதி கேட்டாள், "அப்ப அந்த ஞாயிறெல்லாம் எங்க இருந்தீங்க?"

"முக்கொம்பு அணைக்கட்டுல. சும்மா உக்காந்திருந்தேன்."

அம்மா மண்டபம் நிறுத்தம் வந்ததும் திரும்பவும், "எங்க இருந்தீங்க?"

இன்றும் நான் தாமதமாக வீடு வந்தால் ஒருமுறை கேட்பாள்; சாப்பாடு போடும்போது மறுமுறை. உள்ளறையிலிருந்து நிலா குரல் கொடுப்பாள்: "அம்மா, கழிச்சாச்சா?"