கடைவாய்ப் பல்லின் பலம்

இனி என் வாயில் பச்சைக் கேரட் நுழையாது என்று அன்று காலை சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கும் தைரியம் கல்யாணத்தோடு போய்விட்டது.

என் தொப்பை மேல் மனைவிக்கு அப்படி என்ன கோபமோ, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் கேரட்டும் முட்டைக்கோஸும் பச்சையாகவே வெட்டி வைக்கிறாள். "நல்லா மென்னு சாப்பிடுங்க" என்று எதிரே வேறு உட்கார்ந்துகொள்கிறாள். மெல்லுகிறேன். மாடுகூட நடுவில் கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

அப்போதுதான் கடைவாய்ப் பல் ஒன்று விண்டுபோனது. அதன்மேல் மூடி மாதிரி கேப் போட வேண்டும் என்றார் பல் டாக்டரம்மா. அதற்கு முன்னால் நான் எவ்வளவு பலமாகக் கடிக்கிறேன் என்று மிஷினில் அளந்து பார்ப்பாராம். கடி பலமாக இருந்தால் சாதாரண கேப் உடைந்துவிடுமாம்.

எனக்குப் பொறி தட்டியது. பட்டும் படாமலும் கடித்து வைத்தால்? 'தாடையில் பலமே இல்லை' என்று டாக்டரே சொல்லிவிடுவார். அப்புறம் கேக், வெண்ணெய் தடவிய ரொட்டி. எங்கள் வீட்டில் டாக்டர் பேச்சுக்கு மட்டும் மேல்முறையீடு கிடையாது.

துணைக்கு மனைவியும் வந்தாள். ரப்பர் உறை மாட்டிய ஒரு தகட்டைக் கடைவாயில் வைத்தார் டாக்டர். அதன் ஒயர் மேஜைமேல் இருந்த சின்னத் திரைக்குப் போனது.

"நல்லா அழுத்திக் கடிங்க சார்."

பூவைக் கடிப்பதுபோல் கடித்தேன்.

"எண் ஏறவே மாட்டேங்குதே. இன்னும் கொஞ்சம்."

கண்ணை இறுக்கி மூடினேன். கழுத்து நரம்பைப் புடைக்க வைத்தேன். தாடையை மட்டும் அசைக்கவில்லை. நான் நடிக்கப் போயிருக்க வேண்டிய ஆள்.

"சின்னப் பிள்ளைங்களே இதைவிட நல்லா கடிக்கும்" என்றார் டாக்டர். "இவருக்குக் கெட்டியா எதுவும் குடுக்காதீங்கம்மா."

காதில் தேன் பாய்ந்தது.

மனைவி அலட்டிக்கொள்ளவில்லை. "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுங்க டாக்டர்" என்றாள். தகடு மறுபடி வாய்க்குள் போனது.

"ஏங்க, சொல்ல மறந்துட்டேன். என் தம்பி நாளைக்கு வர்றான்."

"ம்" என்றேன். வாயில் தகடு. போன தடவை என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மச்சான் மழைக்காலம் முடிந்துதான் எழுந்தான்.

"இந்தத் தடவை ஆறு மாசம் இருப்பானாம்."

"ம்ம்."

"உங்க ரூமை அவனுக்குக் குடுக்கறேன்னு நீங்களே சொன்னதா சொல்லிட்டேன்."

மிஷின் கீச்சிட்டது.

"விடுங்க சார், விடுங்க, புதுத் தகடு" என்றார் டாக்டர். திரையை இரண்டு முறை பார்த்தார். "அம்மாடி, இந்தப் பலத்துக்கு உலோகக் கேப்தான் தாங்கும். பல்லு நுனியெல்லாம் தேஞ்சிருக்கே, அதுவும் இதனாலதான். ரொம்ப நாளா பல்லைக் கடிச்சிக்கிட்டே இருந்திருக்கார்."

"அப்ப கேப் போட்டதும் பச்சைக் கேரட் சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

"தாராளமா."

வீட்டு வாசலுக்கு வந்ததும் கேட்டேன்.

"தம்பி எத்தனை மணிக்கு வர்றான்? ரூமை ஒழிக்கணுமே."

"அவன் எங்க வர்றான்? சும்மா சொன்னேன்."

"சும்மாவா?"

"உங்களைப் பல்லைக் கடிக்க வைக்க எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாள்லேர்ந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்" என்றபடி சாவியைத் திருப்பினாள்.

கேப் போட்ட நாளிலிருந்து அவள் கேரட்டை வெட்டுவதில்லை. முழுசாகவே வைக்கிறாள்.