தோள்பட்டை அறிக்கை

"விருப்பமில்லைனு எழுதுங்க சார். அவ்வளவுதான்" என்றாள் பளுதூக்கும் சாம்பியன்.

சங்கத்தின் செய்தித் தொடர்பாளர் தலையில் கைவைத்தார். அடுத்த வாரம் உலகப் போட்டி. இவள் விலகிவிட்டாள். அவள் வீட்டு வாசலில் நிருபர்கள் கேட்டைப் பிடுங்காத குறை.

"விருப்பமில்லைங்கிறது ஒரு காரணமா மேடம்? சங்கம் தடை போட்டுரும்!"

"போடட்டும். எப்பத் தூக்கணும்னு இத்தனை வருஷம் நீங்க சொன்னீங்க. எப்பத் தூக்க மாட்டேன்னு நான் சொல்லக் கூடாதா?"

அவளைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். 'தோள்பட்டையில் லேசான வலி' என்று அவசரமாகத் தட்டி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

"லேசான வலிக்கே விலகுறதா? என் பையன் காய்ச்சலோட பரீட்சை எழுதினான்!" என்று டி.வி.யில் ஒருவர் பொரிந்து தள்ளினார்.

தொடர்பாளருக்கு வியர்த்தது. 'லேசான' என்பதை 'கடுமையான' ஆக்கி மறுபடி அனுப்பினார். உடனே, 'முடிந்தது ஒரு சகாப்தம்' என்று டி.வி.யில் சோக இசையோடு ஓட்ட ஆரம்பித்தார்கள். தெருவே கூடிவிட்டது.

"எவ்வளவு கடுமை சார்?" என்று வாசலுக்கு வந்த அவர் மூக்கை மைக்குகள் இடித்தன.

"கையை அசைக்கவே முடியல. சாப்பாடுகூட ஊட்டித்தான் விடறோம்."

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. "யாருய்யா ஊட்டுறது? எம் மருமக இப்பத்தான் பீரோவ நகர்த்தி, அடியில கிடந்த கண்ணாடிய எடுத்துக் குடுத்தா!" என்றாள் சாம்பியனின் மாமியார்.

தொடர்பாளர் உள்ளே ஓடி ஒரு துண்டை எடுத்தார். "மேடம், உங்க கையைக் காலா நினைச்சுக் கேக்கறேன், இதைக் கழுத்துல மாட்டிக் கையைத் தொங்க விட்டுக்கங்க."

அவள் துண்டை அவர் தோளிலேயே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"எனக்கு வலியும் இல்ல, காயமும் இல்ல. இந்தத் தடவை தூக்க மாட்டேன். என் கை, என் இஷ்டம். தடை போடறவங்க போட்டுக்கங்க!"

தொடர்பாளர் மைக்கில் பாய்ந்தார். "மாத்திரை மயக்கம்! வலியில என்ன பேசறோம்னே தெரியல அவங்களுக்கு!"

அப்போது தெருமுனையில் தடாலென்று ஒரு சத்தம். கூட்டத்துக்கு ஒதுங்கிய கார் ஒன்று சாக்கடையில் சக்கரத்தை விட்டுக்கொண்டது. ஆளாளுக்குத் தள்ளிப் பார்த்தார்கள். கார் அசைவேனா என்றது.

"எல்லாரும் நகருங்க" என்றாள் சாம்பியன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். குனிந்தாள்.

"வேணாம் மேடம்! கேமரா!" என்று தொடர்பாளர் துண்டை விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினார். அத்தனை கேமராவுக்கும் ஒரு துண்டு எப்படிப் போதும்?

கார் மேலே வந்தது. கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் இறங்கினார்.

"மகராசியா இரும்மா! நான் டாக்டர். கையை அசைக்கவே முடியாத வீராங்கனை ஒருத்தங்க இந்தத் தெருவுல இருக்காங்களாம், உடனே போய்ப் பாக்கச் சொல்லிச் சங்கத்துல அனுப்பினாங்க. எந்த வீடும்மா?"