ஏழாம் முழங்காலின் சஹன் முற்றுகை

வாழ்க, வயர்ச்சுருளை வாகைமாலையாய்த் தோளில் அணிந்த வித்தகன். வாழ்க, ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை நெல்மூட்டையெனச் சுமந்து கல்முனையின் கல்யாண மண்டபங்கள் யாவையும் அதிரவைத்த மாவீரன் மீராசா.

அவன் போர்க்களமோ ஒரு சஹன். அறுவர் சுற்றிக் குந்தி ஒன்றாய் உண்ணும் அந்த வட்டத் தட்டு, ஒலி ஒளி முதலாளி அப்துல் கபூரின் அரசில் வெறும் தட்டன்று, சம்பளப் பட்டியல். காலையில் எவர் பெயரையும் எழுதாத அக்கொற்றவன் பகல் சோற்றில்தான் தலை எண்ணுவான். "சஹன்ல குந்தினவன் வேலைகாரன், குந்தாதவன் பாக்க வந்தவன்" என்பது அவன் சாசனம். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரன்தான்: அழைப்பது ஏழு பேரை, வைப்பது ஒரே சஹன். விளக்குக் கம்பத்தின் உச்சியிலிருந்து எப்போதும் கடைசியாய் இறங்கும் மீராசா, முந்திய இரு கல்யாணங்களிலும் வெறும் வயிறும் வெறுங்கையுமாய் வீடு திரும்பியிருந்தான். மூன்றாவதும் அப்படியானால் மனைவி ஸுல்பிகாவின் முகத்தில் விழிப்பது எங்ஙனம்?

ஆகவே அன்று, நெய்ச்சோற்று மணம் எழுந்த கணமே, ஏணியின் ஒன்பது படிகளை மூன்றே தாவலில் விழுங்கிச் சுழல்காற்றென இறங்கி, கைகழுவி, கோட்டை மதிலெனப் பூட்டிக் கிடந்த பன்னிரு முழங்கால்களின் நடுவே தன் முழங்காலை வேலெனச் செலுத்தினான். மதில் குலுங்கியது. விலாவோடு விலா மோதியது.

"மீராசா நானா, இதுக்கு மேல ஒடுங்கினா தின்ட சோறு வெளிய வரும்" என்று முறையிட்டான் அறுவரில் ஒருவனான இஹ்ஸான்.

"சஹன் ஆறு பேருக்குத்தான். ஒழும்பு மீராசா" என முழங்கினான் கபூர்.

எழுந்தான் வீரன். "சரி முதலாளி. அப்ப நான் பாக்க வந்தவன்" என்று மொழிந்து, விருந்தினரின் முன்வரிசையில், வெண்பட்டுப் போர்த்த நாற்காலியில், கால்மேல் கால் போட்டு வீற்றிருந்தான்.

அந்நேரம் மணமகளின் மாமா வரவேற்புரைக்கு மைக்கை எடுக்க, ஆயிரம் கடற்காகங்களின் வாலை ஒருசேர மிதித்தாற்போல் அது வீறிட்டது. குழந்தைகள் அலறின, இனிப்புக் கிண்ணங்களில் வட்டிலப்பங்கள் நடுங்கின. கபூர் தன் படையை நோக்கினான். ஆறு வலக்கைகளும் மணிக்கட்டுவரை நெய்யில் மூழ்கிக் கிடந்தன. நெய்க்கையோடு ஒலி மிக்ஸரை நெருங்கியவனுக்குக் கூலியில்லை என்பதும் அவனே இயற்றிய சாசனம். கபூருக்கோ எந்தக் குமிழ் எதற்கென்று தெரியாது. வேலை தெரிந்த சுத்தமான கை மண்டபத்தில் ஒன்றே ஒன்று.

"மீராசா, மைக் கத்துது."

"ஓம் முதலாளி. பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன்."

"வா மகன். உன்னோட ஏழு."

"போன ரெண்டு கல்யாணம்?"

"அதையும் தாறன்."

"இனிக் காலையில பேர் எழுதணும்."

"எழுதுறன்டா, எழுதுறன்."

திகைத்து அருகே நின்ற மாமாவின் கையில் அணையாதிருந்த மைக், இவ்வுடன்படிக்கையை வீறிடலுக்கு நடுநடுவே பெண்கள் பகுதிவரை பறையறைந்தது. "பேனை ஒண்டு தரட்டா ஹாஜியார்?" என்று அங்கிருந்து கபூரை நோக்கி ஒரு குரல் வந்தது.

அறுவர் வாயும் சோற்றோடு திறந்து நிற்க, அரசர்க்கரசன்போல் நடந்து, சுட்டுவிரலால் குமிழொன்றைத் தொட்டுத் திருகி, வானும் கடலும் வட்டிலப்பமும் அமைதியுறச் செய்து, எழுநூறு விழிகள் பின்தொடர, தனக்கென முழங்கால்கள் தாமே விலகித் தந்த ஏழாம் இடத்தில் வெற்றித்திருவோடு குந்தினான் மீராசா.

சஹனில் கத்தரிக்காய் மட்டும்தான் மிச்சமிருந்தது.