செக்பொயின்ற் அண்ணையும் கறுப்புத் துணிப் பைகளும்

வன்னியில் சோதனைச் சாவடிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று மிச்சம் இருந்தது. அது பூவரசங்குளத்தில், என் பக்கத்து வீட்டுக் கேற்றடியில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றது. அதைத் தாண்டி மீன்காரரின் பெட்டி உள்ளே போனதில்லை. கோயில் பிரசாதம் போனதில்லை. சொந்த மைத்துனர் கொண்டுவந்த கலியாணப் பலகாரமே வாசலோடு திரும்பியது. ஊர் அவருக்கு வைத்த பெயர் செக்பொயின்ற். நான் இளையவள் என்பதால் மரியாதையாகச் செக்பொயின்ற் அண்ணை என்பேன், அவர் காதில் விழாமல்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய மனைவி மனோ அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. இரத்தம் சுத்திகரிக்க வவுனியா ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி பஸ் ஏற வேண்டும். எதனால் வந்த வருத்தம் என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. கிணற்றுத் தண்ணீர் என்றார் ஒருவர், வயலுக்கு அடிக்கும் மருந்து என்றார் இன்னொருவர். எதிரி யாரென்று தெரியாததால் அண்ணை எல்லாவற்றையும் சோதிக்கத் தொடங்கினார்.

மனோ அக்காவுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி என்றால் உயிர். டொக்டர் தடுத்த மரக்கறிகளில் கத்தரிக்காய் இல்லை. தடுத்தது அண்ணைதான். சந்தைக் காயில் மருந்து இருக்குமாம். வளவிலும் நட விடமாட்டார், அது முந்தி மருந்தடித்த மிளகாய்த் தோட்டமாக இருந்த நிலம்.

அந்த நேரத்தில்தான் வீட்டுத் தோட்டத்துக்கென்று ஊரில் துணிப் பைகள் கொடுத்தார்கள். கறுப்பாக, கம்பளி போலத் தடிப்பாக இருந்தன. நல்ல மண்ணை வேறிடத்தில் இருந்து கொண்டுவந்து நிரப்பி நடலாம். அண்ணைக்கு முகமெல்லாம் சிரிப்பு. பழைய பிளாஸ்டிக் போத்தல்களை உருக்கி நூலாக்கிச் செய்தவை என்று கேள்விப்பட்டதும் சிரிப்பு எங்கோ போய்விட்டது. பை கொடுக்க வந்த பெண்ணைக் கேற்றடியில் மறித்தார்.

“பிள்ளை, இது முந்தி என்ன போத்தல்?”

“தண்ணிப் போத்தல், சோடாப் போத்தல்தான் ஐயா.”

“சோடாதான் இருந்ததெண்டு நீர் பாத்தனீரோ?”

அவள் நேர்மையான பிள்ளை. “நான் பாக்கேல்ல ஐயா. பையில இருந்து மண்ணுக்கு ஒண்டுமே ஊறாதெண்டு என்னால சத்தியம் பண்ணேலாது. ஆனா பெரிசாப் பயப்பிட ஒண்டுமில்லை. வெயிலில கிடந்து இத்துப்போய் நார் கழண்டா மட்டும் எறிஞ்சுபோட்டு வேற வையுங்கோ.”

இவ்வளவு பேச்சில் அண்ணைக்குக் கேட்டது சத்தியம் பண்ணேலாது என்பது மட்டும்தான்.

பையை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, குளத்தில் பிடித்த மீன் குஞ்சுகளை அதற்குள் விட்டார். மீன் தப்பினால் பை பாஸ். மறுநாள் காலையில் வாளியில் மீன்கள் இல்லை. செத்து மிதக்கவும் இல்லை. வேலியடியில் என் வீட்டுப் பூனை வாயை நக்கிக்கொண்டு இருந்தது. அன்றிலிருந்து, “பூனைக்கு ஏதும் செய்யுதோ பிள்ளை?” என்று வேலிக்கு மேலால் எட்டி எட்டிக் கேட்டார். பூனை கொழுத்தது. அதை அவர் அரைப் பாஸ் என்று எடுத்துக்கொண்டார். பிறகு உச்சி வெயிலில் பைக்குள் தலையை விட்டு மணந்து பார்த்தார். வழியில் போன தபால்காரர், ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று தூக்க ஓடிவந்தார்.

ஒருவழியாக மண் நிரப்பிக் கத்தரி நட்டார். காய்களும் மினுமினு என்று தொங்கின. முதல் காய்களை அவரே அவித்துத் தின்றார். அடுத்த காய்களும் அவருக்குத்தான். மனோ அக்கா அடுப்படி வாசலில் கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தா.

“நல்லா இருக்கோப்பா?”

“இப்ப சொல்லேலாது. உதுகள் கன காலத்துக்குப் பிறகுதான் வேலையைக் காட்டும்.”

“எனக்குக் கன காலம் இருக்கோ?”

அவர் எழும்பிச் சாப்பிட்ட கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

“இந்த மனுசன் வருத்தத்திட்ட இருந்து என்னைக் காப்பாத்திறாரோ, சாப்பாட்டிட்ட இருந்து காப்பாத்திறாரோ தெரியேல்ல பிள்ளை,” என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே போய் அவரைப் பிடித்தேன்.

“அண்ணை, ஒரு காயாவது குடுங்கோவன். அக்கா எவ்வளவு ஆசைப்படுறா.”

அவர் கத்தரி இலையைப் புரட்டிப் பூச்சி பார்த்தார். “பிள்ளை, இவ்வளவு காலமும் அந்தக் கிணத்துத் தண்ணியை அள்ளிக் குடுத்தது ஆர்? நான்தானே. நல்ல தண்ணியெண்டு நினைச்சுத்தான் குடுத்தனான்.”

சண்டைக்குப் போனவள் குனிந்து அடுத்த பையில் பூச்சி பார்க்கத் தொடங்கினேன். அவரே கொஞ்ச நேரம் கழித்து, “சரி, அடுத்த காய்ப்புக்குக் குடுப்பம்,” என்றார்.

அடுத்த பிஞ்சு பிடித்த நேரம் அக்காவை வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரியிலேயே மறித்துவிட்டார்கள். பிறகு அவாவின் உடல்தான் வீட்டுக்கு வந்தது.

செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, எட்டாம் நாள் இலை போட்டுப் படைப்பது எங்கள் வழக்கம். படைத்து முடியும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. உப்புக்கூடப் பார்ப்பதில்லை. அன்று அண்ணை விடியவே பைகளில் இருந்த காய்களைப் பறித்து, பால்கறியைத் தானே வைத்தார். அக்காவின் படத்துக்கு முன் எல்லாம் பரிமாறியான பிறகு கறிச்சட்டியோடு வந்தார். அகப்பையால் அள்ளியவர் இலையில் போடவில்லை. ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டு, மென்று விழுங்கினார்.

சனம் திகைத்துப் போனது. “படையலை எச்சில் பண்ணிப்போட்டாரே,” என்று எழும்பிய ஒரு பெரியம்மாவைக் கையைப் பிடித்து இருத்தினேன். அண்ணை எங்களைப் பார்க்கவே இல்லை. வயிற்றில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து, கறியை இலையில் வைத்தார்.

“பயமில்லை மனோ. நீர் சாப்பிடும்.”

நான் எல்லாருக்கும் முன்னால் விம்மி அழுதேன்.

இப்போது அந்தக் கேற்றால் யார் எதைக் கொண்டுபோனாலும் அவர் கேட்பதில்லை. யாராவது கொடுத்தால் என்னவென்றும் பாராமல் சாப்பிடுகிறார். அதனால் கடைக்குப் போய் வரும்போது நான் அங்கே சைக்கிளை நிறுத்துவேன். “அண்ணை, இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ,” என்று என் மரக்கறிப் பையை நீட்டுவேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்து முடிக்கும்வரை, எவ்வளவு வேலை கிடந்தாலும், அசையாமல் நிற்பேன்.